நாற்பது மிஷினும் ஒரு காதும்

திருப்புளியின் முனை குளிர்பெட்டியின் முதுகில். அதன் கைப்பிடி காதக்காவின் காதுக்குப் பின்னால், அந்த மொட்டை எலும்பில். கண்கள் மூடியிருக்கின்றன. வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. அதனால் இடது காலில் மட்டும் நிற்கிறார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையும் இப்படித்தான் நிற்கும். ஆனால் அதன் முகத்தில் இவ்வளவு கவனம் இருக்காது.

"மோட்டார் நல்லா இருக்கு. கால்தான் ஆடுது" என்கிறார். தன் காலைச் சொல்லவில்லை. பெட்டியின் நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அட்டைத் துண்டை நாலாக மடித்து அதன் அடியில் தள்ளுகிறார். மூன்று மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்த பெட்டி சட்டென்று வாயை மூடிக்கொள்கிறது.

காதக்கா என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல, பட்டறை வைத்தது. பள்ளிக்கூடப் பைகள் தைக்கிற அந்தப் பட்டறையில் நாற்பது மிஷின்கள் உண்டு. தைப்பவர்களை அங்கே மிஷின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "ஏய் ஒம்பது, கத்தரிய குடு", "பதினாலு இன்னிக்கு லீவு" என்று. மிஷின்களைப் பழுது பார்க்கும் காதக்காவுக்கு மட்டும் நம்பர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அவர் ஒரு மிஷினையும் உடனே திறந்து பார்த்ததில்லை. முதலில் திருப்புளியை ஊன்றிக் கேட்பார். "திறந்து பாக்க எல்லாராலயும் முடியும். மூடி இருக்கறப்பவே தெரியணும்" என்பார். எலும்பில் வைத்துக் கேட்பதற்கும் காரணம் வைத்திருக்கிறார்: "காதுல காத்து பூந்துக்கும். எலும்புல பூராது."

இந்தப் பழக்கத்தை அவரால் பட்டறையிலேயே விட்டுவிட்டு வர முடிவதில்லை. பேருந்தில் ஏறினால் இரண்டாவது கியரைப் பற்றி ஓட்டுநருக்குத் தகவல் போகும். கால் உடைந்து மருத்துவமனையில் கிடந்தபோது, எக்ஸ்ரே எடுத்தவரிடம், "தம்பி, உங்க மிஷினுக்குள்ள ஃபேன் பேரிங் தேயுது" என்று சொல்லியிருக்கிறார். தம்பி சிரித்தார். இரண்டு நாள் கழித்துப் படம் வாங்கப் போனபோது அந்த அறைக் கதவில் 'பழுது' என்று பலகை தொங்கியது. "நீங்க ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டால், "பலகைய நேரா மாட்டிட்டு வந்தேன். கோணலா தொங்குச்சு" என்கிறார்.

கால் உடைந்த கதையும் சத்தத்தில்தான் தொடங்குகிறது. கீழ்த்தளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு மாடியில் முப்பத்தொன்றாம் நம்பர் இருமுவது கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவினார். ஏழாவது படி அவரைத் திருப்பி அனுப்பியது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகும்போதும் அவர் கத்தியது "ஐயோ அம்மா" என்று அல்ல. "முப்பத்தொண்ண நிறுத்துங்கடீ!"

காதக்காவின் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர்த் துருவம். அச்சகத்தில் முப்பது வருடம் பெரிய மிஷின் பக்கத்தில் நின்றவர். இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காது பாதி. அதனால் எதைச் சொன்னாலும் பொதுக்கூட்டத்தில் சொல்வதுபோல்தான் சொல்வார். அவர் மனைவியிடம் ரகசியம் பேசினால் தெருவில் மூன்று வீட்டார் அதற்குப் பதில் யோசிப்பார்கள். நடந்தால் கதவு அதிரும், தேநீர் கலக்கினால் மணியடிக்கும். ஒரு மதியம் அவர் குறட்டை விட்டுத் தூங்கும்போது காதக்கா திருப்புளியை அவர் நெஞ்சில் மெதுவாக ஊன்றிக் கேட்டார். "இஞ்சின் கெட்டி. சைலன்சர்தான் இல்ல" என்று முடிவு சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

மாவுக்கட்டு ஆறு வாரம் என்றதும் முதலாளி முகம் கறுத்தது. மிஷின்கள் ஆறு வாரம் நல்லபிள்ளையாக இருக்குமா? வெளியே ஒரு சர்வீஸ் கம்பெனி, ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தால் நாற்பதையும் பார்த்துக்கொள்கிறோம் என்று காத்திருந்தது. சூப்பர்வைசர்தான் இடையில் புகுந்தார். "ஒரு வாரம் அக்கா வீட்லேருந்தே லேப்டாப்ல பாக்கட்டும் முதலாளி. அவங்க கேட்டுச் சொல்வாங்க, இங்க நாங்க ஸ்க்ரூவத் திருகறோம்." முதலாளி சனிக்கிழமை வரை தவணை கொடுத்தார். முடியாவிட்டால் திங்கட்கிழமை வெளியாட்கள்.

"ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து விழுந்துட்டா, கால் கூடுனாலும் நான் ஏறிப் போறதுக்குப் படி இருக்காது" என்றார் காதக்கா வீட்டுக்காரரிடம்.

"என்னது?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. அந்த லேப்டாப்ப எடுங்க."

லேப்டாப் மகளுடையது. கல்லூரிக் காலத்தில் வாங்கியது. வேலை கிடைத்து வேறு ஊர் போனபோது புதியது வாங்கிக்கொண்டு இதை வீட்டில் விட்டுப் போனாள். அன்றிலிருந்து அதன் மேல் இஸ்திரி போட்ட சட்டைகள் குடியிருந்தன.

திங்கட்கிழமை முதல் அழைப்பு. சூப்பர்வைசர் திரையில் வந்தார், வாயை அசைத்தார். தகரடப்பாவுக்குள் தவளை விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அக்கா, நீங்க கிணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி கேக்குது!"

"நீங்க மட்டும் என்ன, வாய் நிறைய பஞ்ச அடைச்சுக்கிட்டுப் பேசற மாதிரிதான் இருக்கு."

பின்னாலிருந்து வீட்டுக்காரர், "என்னவாம்?" என்று கேட்டார். அது மட்டும் பட்டறை முழுக்கத் தெளிவாகக் கேட்டதாம். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

வேறு யாராக இருந்தாலும் கடையில் கொடுத்திருப்பார்கள். காதக்கா கொடுக்கவில்லை. அவருக்கென்று ஒரு கொள்கை இருக்கிறது: "சத்தம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். காரணம்னா அதுக்கு எங்கயாச்சும் ஒரு ஸ்க்ரூ இருக்கும்."

செவ்வாய்க்கிழமை மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து, லேப்டாப்பைக் குப்புறப் போட்டார். பத்து திருகுகளையும் கழற்றிய வரிசையிலேயே துண்டில் அடுக்கினார். உள்ளே கம்பளி நெய்தாற்போல் தூசி. ஸ்பீக்கர் வலையில் பிஸ்கட் தூள். ஒரு மூலையில் மகளின் ஒற்றைத் தோடு. தோழி திருடிவிட்டாள் என்று சொல்லி, இதற்காகத்தான் மகள் மூன்று மாதம் அவளோடு பேசாமல் இருந்தாள். மிஷினுக்குத் தூசி தட்டும் மெல்லிய தூரிகையால் எல்லாவற்றையும் கூட்டியெடுத்தார். மகள் தொலைபேசியில் மேற்பார்வை.

"அம்மா, அந்தக் குட்டி ஃபேன் சுத்துதா?"

"சுத்துது. ஆனா கரகரங்குது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டா..."

"அம்மா! எண்ணெய் மட்டும் ஊத்தாத!"

"ஒரே சொட்டு."

"அரைச் சொட்டு கூட வேணாம்!"

"ஊத்தல. சும்மா வாசம் காட்டறேன்."

"அம்மாஆ!"

எண்ணெய்க்குப்பியை வீட்டுக்காரரிடம் கொடுத்து அலமாரி மேல் வைக்கச் சொன்ன பிறகுதான் மகளுக்கு மூச்சு வந்தது. பிறகு மைக் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். திரைக்கு மேலே ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கும் என்றாள் மகள். துளை இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளி நட்சத்திரம் ஒட்டியிருந்தது.

"இத யாரு ஒட்டுனது?"

மகள் இழுத்தாள்: "அழகா இருக்கேன்னு..."

"நாலு வருஷமா அதும் வாயில நட்சத்திரத்த ஒட்டிட்டு, பேச மாட்டேங்குதுன்னு திட்டிட்டு இருந்திருக்க." நகத்தால் நட்சத்திரத்தைக் கிளப்பி, எறிய மனமில்லாமல் தன் மாவுக்கட்டின் மேல் ஒட்டிக்கொண்டார்.

புதன்கிழமை ஒரு புது எதிரி. தொண்டையைத் திறக்காமல் யாரோ ஓயாமல் ராகம் இழுப்பதுபோல் 'உம்ம்ம்' என்றொரு சத்தம். லேப்டாப்பின் மேல் திருப்புளியை ஊன்றினார். சார்ஜரைப் பிடுங்கினார், நின்றது. செருகினார், வந்தது. பன்னிரண்டு தடவை பிடுங்கிச் செருகியதில் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றியது. கடைசியில் சுவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது ஓட்டை வெறும் அழகுக்கு. உள்ளே எர்த் கம்பியே இல்லை. வீட்டில் அந்தக் கம்பி ஒழுங்காக இருந்தது அடுப்படி பிளக்கில் மட்டும்தான்.

ஆகவே ஆபீஸ் அடுப்படிக்கு மாறியது. சமையல் வேலையை எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நாடிழந்த ராஜாவானார். ஒன்பது மணிக்குள் எல்லாம் ஆக்கி இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் குக்கர் விசிலடித்தால் குக்கரும் அவரும் சேர்ந்து வெளியேற வேண்டும். அழைப்பின்போது மின்விசிறி ஓடக் கூடாது. குளிர்பெட்டிக்கும் அரை மணி ஓய்வு. சுவர்க்கடிகாரத்தைத் துண்டில் சுற்றித் துணி அலமாரிக்குள் படுக்க வைத்தாயிற்று. மேசையின் அதிர்வு ஏறாமலிருக்க லேப்டாப்புக்குக் கீழே, பையின் தோள்பட்டைக்கு வைக்கிற பஞ்சு.

"நான் மூச்சு விடலாமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"மெதுவா விடுங்க" என்றார் காதக்கா. கேலியாகச் சொல்லவில்லை.

அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசல் நடைக்கு நாடு கடந்தார்.

வியாழக்கிழமை காதக்கா லேப்டாப்பின் அமைப்புகளுக்குள் நுழைந்தார். பள்ளியில் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஒரு பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் தைரியத்துக்கு வகுப்பு தேவையில்லை. பத்துப் பதினைந்து பொத்தானை அமுக்கி, இரண்டு முறை திரையைத் தலைகீழாக்கி, ஒரு முறை மகளின் பழைய காதல் பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாடவிட்டு, கடைசியில் அதைக் கண்டுபிடித்தார். 'பின்னணிச் சத்தத்தை நீக்கு.' அதன் கீழே மூன்று படி: குறைவு, நடுத்தரம், அதிகம்.

"ஆகா, இத்தன நாளா எங்கடா ஒளிஞ்சிருந்த" என்று அதோடு பேசினார். அதிகத்தில் வைத்தார். உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, பட்டறை லேப்டாப்பிலும் அதே பொத்தானைத் தேட வைத்து, அங்கேயும் அதிகத்தில் வைக்கச் சொன்னார்.

மந்திரம் போட்டதுபோல் இரைச்சல் அறுந்து விழுந்தது. சூப்பர்வைசர் அடுப்படியிலேயே வந்து உட்கார்ந்து பேசுவது மாதிரி இருந்தது.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"நீங்க இன்னிக்கு சவரம் பண்ணலன்னுகூட கேக்குதுங்க."

அன்று காதக்கா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினேழாம் நம்பர் திரைக்கு வந்தாள். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட பெண். பேச ஆரம்பிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவாள்.

"அக்கா, என் மிஷின் சொல்லாம கொள்ளாம தையல விட்டுட்டுப் போகுது. உள்ள எதோ தட்டுற மாதிரியும் இருக்கு."

"ஓட்டு கண்ணு, கேப்போம்."

தூரத்தில் மழை தூறுவதுபோல் மெல்லிய சலசலப்பு மட்டும் வந்தது.

"ஓட்டுடீ."

"ஓட்டிக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்."

திரையில் துணி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. காதக்கா திருப்புளியை ஊன்றினார், கண்ணை மூடினார். தட்டலும் இல்லை, முட்டலும் இல்லை. நான்கு நாள் பாடுபட்டுக் கழுவித் துடைத்த சத்தம். கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பெருமையில் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "பட்டு மாதிரி ஓடுது. உன் மிஷின்ல ஒண்ணுமே இல்ல. நூல மாத்திப் போட்டுத் தை" என்றார்.

ஒரு மணி நேரத்தில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். குரலில் உயிரில்லை. பதினேழாம் நம்பரில் ஊசி ஒடிந்து, அதன் முனை தெறித்து, அவளுடைய மூக்குக்கண்ணாடியில் பட்டுவிட்டது.

"கண்ணு?" என்றார் காதக்கா.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லக்கா. கண்ணாடியிலதான் கீறல். கண்ணாடி மட்டும் இல்லன்னா... முதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சு. திங்கள் வரைக்கும்கூட வேணாம்னுட்டாரு. நாளைக்கு காலைல பதினோரு மணிக்கு வெளியாளுங்க வர்றாங்க. நீங்க கால பாத்துக்குங்க, என்ன?"

காதக்கா லேப்டாப்பை மூடினார். மதியம் சாப்பிடவில்லை. லேப்டாப்பைத் திட்டவில்லை, பிளக்கைத் திட்டவில்லை. "ஒண்ணுமே இல்லன்னு நான் சொன்னேன்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் நல்லா இருக்கிறது என்று சொன்ன மிஷின் எதுவும் ஊசியைத் துப்பியது கிடையாது.

ஆறுதல் சொல்வது வீட்டுக்காரருக்கு வராது. வந்தாலும் தெருவே சேர்ந்து ஆறுதல் அடைய வேண்டியிருக்கும். அதனால் அவர் சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். மனைவி கால் நீட்டிக்கொள்ள ஒரு முக்காலி செய்வதாகப் போன வாரமே சொல்லியிருந்தார். டொம், டொம் என்று அடிக்க ஆரம்பித்தார். காதக்கா தடுக்கவில்லை. இனி எந்தச் சத்தம் இருந்தால் என்ன?

சாயங்காலம் மகள் லேப்டாப்பில் கூப்பிட்டாள். அம்மா சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தவள், அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அப்பா எங்கம்மா? வெளிய போயிருக்காரா?"

"ஏன்?"

"வீடு இவ்ளோ அமைதியா இருக்கே."

காதக்கா திரும்பிப் பார்த்தார். நாலடி தூரத்தில் வீட்டுக்காரர் முக்காலியின் மூன்றாவது காலை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். தட்டுகள் அலமாரியில் குதித்தன.

"உனக்கு எதுவும் கேக்கலியா?"

"நீ பேசறது நல்லா கேக்குதே."

காதக்கா ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தார். கரண்டியால் ஓங்கி அடித்தார். "இப்ப?"

"என்ன இப்ப?"

"தட்டுல அடிச்சேன்டீ."

"அடிச்சியா? பாத்தேன். கேக்கலியே."

வீட்டுக்காரர் நிமிர்ந்து, "என்னவாம்?" என்றார்.

"ஐயோ, அப்பா பேசறாரு!" என்றாள் மகள்.

காதக்காவின் கை மெதுவாகப் போய் அந்தப் பொத்தானைத் தொட்டது. அதிகத்திலிருந்து நடுத்தரம். நடுத்தரத்திலிருந்து குறைவு. பிறகு ஒரேயடியாக அணைத்தார்.

"யம்மா, என் காது! அப்பா என்ன, வீட்ட இடிக்கறாரா?"

காதக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பொத்தானுக்கு மனிதர் பேசுவது மட்டும்தான் சத்தம், மற்றதெல்லாம் குப்பை. சுத்தியல் குப்பை, தட்டு குப்பை, பதினேழாம் நம்பர் மிஷினும் குப்பை. நான்கு நாள் முயன்று, நல்ல வேலைக்காரன் கிடைத்தான் என்று துடைப்பத்தைக் கையில் கொடுத்தால், அவன் வீட்டுச் சாமானை எல்லாம் சேர்த்துத் தெருவில் கூட்டிவிட்டான். தரை பளிச்சென்று இருக்கிறதே என்று இவரும் மெச்சியிருக்கிறார்.

"அடிப்பாவி" என்றார் தன்னைத்தானே. "எனக்கு வேண்டியதையே இல்ல வெளிய தள்ளச் சொல்லிருக்கேன்." பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி, அவருக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினார்: "நீங்க அடிங்க! நல்லா அடிங்க!"

சனிக்கிழமை. ஒன்பதே காலுக்கு அழைத்தார். சூப்பர்வைசர் தயங்கித் தயங்கித்தான் எடுத்தார்.

"விடுங்களேன்க்கா. பதினோரு மணிக்கு ஆளு வந்துருவாங்க."

"இப்ப மணி ஒம்பதே கால்தான். அந்தப் பொத்தான அணைங்க."

"எந்தப் பொத்தான?"

"நான் வைக்கச் சொன்னேன்ல, அதத்தான். புத்தி கெட்டுச் சொல்லிட்டேன். அணைங்க."

அணைத்தார். நாற்பது மிஷினும் அடுப்படிக்குள் பாய்ந்து வந்தன. டம்ளர்கள் கிணுகிணுத்தன. நடையில் இருந்த வீட்டுக்காரரே எட்டிப் பார்த்து, "மழையா?" என்று கேட்டார். காதக்காவின் உதடு லேசாகப் பிரிந்தது. ஒரு வாரமாகக் காணாத ஆளைப் பார்த்ததுபோல். ஆனால் அந்த இரைச்சலில் பதினேழை மட்டும் பிரித்தெடுக்க முடியவில்லை. நேரில் என்றால் திருப்புளியை ஊன்றிவிடலாம். இவ்வளவு தூரத்துக்கு நீளும் திருப்புளி யாரிடமும் இல்லை.

"எல்லா மிஷினையும் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க."

"நாப்பதையுமா? முதலாளி மேல் மாடியில உக்காந்திருக்காருக்கா. ஓடற சத்தத்துல தூங்குவாரு, நின்னா முழிச்சுக்குவாரு. என்னால சொல்ல முடியாது. எனக்கும் வேல வேணும்ல?"

அதில் நியாயம் இருந்தது. "சரி, நீங்க சொல்ல வேணாம். என்னைத் தூக்கிட்டுப் போய் பதினேழு பக்கத்துல வைங்க."

பதினேழின் முகம் திரையில் வந்தது. இடது பக்கக் கண்ணாடியில் சிலந்திக்கால் மாதிரி ஒரு கீறல். இன்று அவள் முதலில் சிரிக்கவில்லை.

"கண்ணு" என்றார் காதக்கா. "நேத்து நான் தப்பா சொல்லிட்டேன். உன் மிஷின்ல கோளாறு இருக்கு. நீ சொன்னதுதான் சரி. அது எனக்குக் கேக்கணும். நான் கேக்காம நீ இன்னொரு ஊசி போட்டு ஓட்டக் கூடாது."

"பக்கத்துல ரெண்டு பேரு நிறுத்துனா போதுமாக்கா?"

"போதாதே."

பதினேழு கையை நீட்டிப் பதினாறின் தோளைத் தொட்டாள். பதினாறு திரையைப் பார்த்தாள், பெடலிலிருந்து காலை எடுத்தாள். பதினாறு பதினைந்தைத் தொட்டாள். பதினெட்டு, பத்தொன்பது, அடுத்த வரிசை. தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நடந்து வரும்போது வகுப்புகள் ஒவ்வொன்றாக அடங்குமே, அப்படி அடங்கிக்கொண்டே போனது. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் கொஞ்சம் ஓடியது, யாரோ, "அடியே நாப்பது, நிறுத்துடீ, அக்கா கேக்கறாங்க!" என்றார்கள். அதுவும் நின்றது.

பட்டறையில் ஒரு கத்தரிக்கோலை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. காதக்கா திருப்புளியின் முனையை லேப்டாப்பின் ஓரத்தில் ஊன்றி, கைப்பிடியை எலும்பில் அழுத்தினார்.

"ஓட்டு."

ஓடியது.

"நிறுத்து." நின்றது. "மறுபடி ஓட்டு... நிறுத்து."

மேல் மாடியில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. சூப்பர்வைசர் கிசுகிசுத்தார். "அக்கா, எந்திரிச்சிட்டாரு."

"எந்திரிக்கட்டும். ஓட்டு கண்ணு... நிறுத்து." காதக்கா கண்ணைத் திறந்தார். "இருக்கு. ஓடறப்ப இல்ல. நின்ன பிறகு ஒரு 'டிக்' வருது. எல்லாம் நின்னாச்சு, உள்ள ஏதோ ஒண்ணு மட்டும் இன்னும் ஒரு நூல் தூரம் போயிட்டு நிக்குது. மிஷின சாய். அடியில கொக்கி இருக்கு பாரு, அத விரலால ஆட்டு."

"ஆடுதுக்கா! பால்பல்லு மாதிரி ஆடுது!"

"அதப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூல ஒண்ணு லூசாயிருக்கு. அதான் கொக்கி நேரம் தவறிப் போய் ஊசிய இடிக்குது. அவசரப்படாத. சக்கரத்தக் கையால சுத்தி ஊசியக் கீழ இறக்கு. திரும்பி மேல வர ஆரம்பிக்கும்ல, அங்க நிறுத்து. கொக்கியோட மூக்கு ஊசிக்குப் பின்னாடி, தொட்டும் தொடாம நிக்கணும். நடுவுல ஒரு முடி போற இடம். நின்னுச்சா? இப்ப இறுக்கு."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. இடது செருப்பை இழுத்து நடப்பது முதலாளிதான். ஒவ்வொரு படியும் அடுப்படியில் கேட்டது. கடைசிப் படியில் நின்றது.

"ஏன் எல்லாம் நின்னு கெடக்கு?" என்றது முதலாளியின் குரல்.

நாற்பது பேருடைய கால்களும் பெடலுக்கு வெளியேதான் இருந்தன.

"ஓட்டு" என்றார் காதக்கா.

பதினேழு ஒரு பைத்துணியை வைத்து முழு நீளத்துக்கும் ஓட்டினாள். நிறுத்தினாள். காதக்கா காத்திருந்தார். டிக் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை.

"காட்டு அவருகிட்ட" என்றார்.

துணி கைமாறுகிற சரசரப்பு. தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்க்கிற விறைப்பான ஓசை. நூல் அறுகிற சத்தம் எதுவும் இல்லை. அப்புறம் செருப்பு திரும்பியது; இடதை இழுத்துக்கொண்டே படியேறியது. பின்னாலேயே சூப்பர்வைசரின் காலடியும் ஓடியது. அவர் திரும்பி வர மூன்று நிமிடம் ஆனது. துணி அலமாரிக்குள் சுற்றி வைத்த கடிகாரம் ஓடுவதுகூடக் காதக்காவுக்குக் கேட்டது.

"அக்கா" என்று மூச்சு வாங்கினார். "வெளியாளுங்கள வர வேணாம்னு போன் பண்ணச் சொல்லிட்டாரு. அப்புறம்... இந்த லேப்டாப்ப ஒரு தள்ளுவண்டியில வச்சு வரிசை வரிசையா உருட்டிக்கிட்டுப் போனா நீங்க கேப்பீங்களான்னு கேக்கறாரு. பதினொண்ணாம் நம்பர்கூட என்னவோ..."

"எனக்கும் கேட்டுச்சு. அது பெல்ட்டு. மத்தியானமா பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினேழுக்குக் கண்ணாடி மாத்தச் சொல்லி மேல கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

பதினேழு அந்தப் பக்கத்தில் எதற்கோ சிரிப்பது கேட்டது. ஒவ்வொரு காலாகப் பெடலுக்குத் திரும்பியது. நாற்பதும் சேர்ந்து இரைந்தன.

அழைப்பு முடிந்தால் லேப்டாப்பை மூடிவிடுவது காதக்காவின் வழக்கம். அன்று மூடவில்லை. சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றினார். வீட்டுக்காரர் செய்தித்தாளோடு வாசற்படியில் நின்று, உள்ளே கால் வைக்காமல் கேட்டார். "முடிஞ்சுதா? நான் வரலாமா?"

காதக்கா முக்காலியிலிருந்து தன் மாவுக்கட்டுக் காலைக் கீழே இறக்கினார். முக்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவரைக் கையைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். திருப்புளியின் முனையை லேப்டாப்பின் மேல் ஊன்றினார். கைப்பிடியை அவருடைய கேட்காத இடது காதுக்குப் பின்னால், அந்த எலும்பில் வைத்து, நழுவிவிடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.